தையல் இயந்திரமும் நகர வரைபடமும்

சேவைச் சங்கங்களைக் கேலி செய்வது எளிய வேலை. கழுத்துப்பட்டையும், மார்பில் குத்திய சின்னமும், வரவேற்புரை தொடங்கி நன்றியுரை வரை நீளும் நிகழ்ச்சி நிரலும் கேலிக்கு ஏற்றவையே. அந்த எளிய வேலையைச் செய்ய நாங்கள் இங்கே முற்படவில்லை. நெல்லையிலும் பாளையிலும் கண் சிகிச்சை முகாம்களுக்கும் இரத்ததான முகாம்களுக்கும் இச்சங்கங்கள் நெடுங்காலமாகத் துணை நின்று வருகின்றன. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டி, தாமிரபரணி கரை மீறி, நெல்லைச் சந்திப்புப் பகுதியும் கொக்கிரகுளத்து ஆட்சியர் அலுவலக வளாகமும் நீரில் நின்றபோது, உணவுப் பொட்டலங்களோடு இறங்கியவர்களில் சங்கத்தாரும் உண்டு. அந்த ஈரத்தை மறுப்பவர்கள் அல்லர் நாங்கள்.

எங்கள் வழக்கு வேறு. இவ்வூரில் படித்தவர்களும் பொருள் உள்ளவர்களும் தொழில் தெரிந்தவர்களும் மாதந்தவறாமல் ஒன்று கூடும் இடங்கள் சேவைச் சங்கங்களே. பொறியாளர், மருத்துவர், வழக்கறிஞர், தணிக்கையாளர், கட்டட வல்லுநர், வணிகர் என ஒரு நகரத்தை வரைபடத்தில் வாசிக்கத் தெரிந்த அத்தனை பேரும் அங்கே இருக்கிறார்கள். ஆனால் நகரத்தின் வளர்ச்சி எத்திசையில் போக வேண்டும், எந்தக் குளம் குளமாகவே நிற்க வேண்டும், எந்தச் சாக்கடை எங்கே போய்ச் சேர வேண்டும் என்று தீர்மானிக்கும் இடங்களில் இவர்களின் குரல் ஒரு சங்கத்தின் குரலாக ஒலிப்பது மிக அரிது. கொடுக்கத் தெரிந்த இக்கைகள் கேட்கத் தயங்குவது ஏன் என்பதே எங்கள் கேள்வி.

சங்க ஆண்டு ஜூலை முதல் தேதியில் பிறக்கிறது. புதிய தலைவர் பதவியேற்பார். சிறப்பு விருந்தினர் வாழ்த்துவார். நலிந்த மகளிர் சிலருக்குத் தையல் இயந்திரமும், பள்ளிப் பிள்ளைகளுக்குக் குறிப்பேடுகளும் வழங்கப்படும். பின்னர் மரக்கன்று. கன்றைக் காக்கும் இரும்புக் கூண்டில் கன்றைக் காட்டிலும் உயரமாகச் சங்கத்தின் பெயர்ப்பலகை. பின்னர் ஆற்றங்கரைத் தூய்மைப் பணி. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கையுறை அணிந்து, கரையில் கிடக்கும் பழந்துணிகளையும் நெகிழிப் பைகளையும் அள்ளி, பதாகையைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு கலைந்து போவார்கள். கூப்பிடு தூரத்தில் ஊர்ச் சாக்கடை ஆற்றுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். குனிந்து துணியை எடுத்தவர்கள் நிமிர்ந்து அந்தக் குழாயைப் பார்த்து, இது யார் பொறுப்பு, இதை அடைக்கும் திட்டம் எந்த நிலையில் நிற்கிறது என்று எழுத்தில் கேட்டிருந்தால், அந்தக் காலைக்குப் பொருள் இருந்திருக்கும்.

தாமிரபரணி சாதாரண ஆறன்று. பொதிகையில் தோன்றிப் புன்னைக்காயலில் கடல் சேரும் வரை ஒரே மாநிலத்துக்குள் ஓடி முடிகிற வற்றாத ஆறு. அண்டை மாநிலத்தின் மேல் பழி போட இங்கே வழியில்லை. கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள்; அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்கள்; கால்வாய்கள் நிரப்பும் குளங்கள். நெல்லை நகரமே இந்த நீர்வலையின் மேல் உட்கார்ந்திருக்கும் ஊர். சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து நெல்லைக் கால்வாய். பழவூர் அணைக்கட்டிலிருந்து பாளையங்கால்வாய். வயலுக்கென்று வெட்டப்பட்ட பாளையங்கால்வாய், மேலப்பாளையத்தையும் பாளையையும் கடக்கும்போது வீட்டுக் கழிவைச் சுமக்கிறது. அதன் கடைமடையில் உள்ள உழவனுக்கு நகரத்தின் வளர்ச்சி என்பது இந்த நாற்றமாகத்தான் போய்ச் சேருகிறது. வேய்ந்தான்குளத்துப் பேருந்து நிலையம் என்று வாய் கூசாமல் சொல்கிறோம். குளத்தின் பெயர் பேருந்துக்கு அடையாளமாகிவிட்டது. குளம் குளமாக இருந்ததன் காரணம் நினைவில் இல்லை.

இவை விதியின் செயல்கள் அல்ல. யாரோ ஒரு மேசையில் ஒரு வரைபடத்தின் மீது கோடு கிழித்ததால் நடந்தவை. கிழிக்க வேண்டிய கோட்டைக் கிழிக்காமல் விட்டதால் நடந்தவை.

இனி அந்த மேசையின் கதை. திருநெல்வேலியும் பாளையங்கோட்டையும் 1866-இல் நகராட்சிகள் ஆயின. 1994-இல் இவ்விரண்டும் மேலப்பாளையம் நகராட்சியும் தச்சநல்லூர்ப் பேரூராட்சியும் இணைந்து மாநகராட்சி உருவாயிற்று. இன்று 55 வார்டுகள், நான்கு மண்டலங்கள். 2011 கணக்கெடுப்பின்படியே 4 இலட்சத்து 70 ஆயிரத்துக்கு மேற்பட்ட மக்கள். அரசியல் சட்டத்தின் 74ஆம் திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தபோது, நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க பணிகளின் பட்டியலில் முதல் இடத்தில் வைத்தது நகரமைப்பைத்தான். குடிநீரும் சாலையும் அதற்குப் பின்னரே வருகின்றன. ஊர் எப்படி வளர வேண்டும் என்பதை ஊரே சொல்ல வேண்டும் என்பதுதான் அதன் உட்பொருள்.

நடந்தது என்ன? 2016 அக்டோபரில் நடந்திருக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் நின்று போயிற்று. நகரங்களுக்கு அது நடந்து முடிந்தது 2022 பிப்ரவரி 19 அன்று. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்கும் மேலான காலத்தில் மேயர் இல்லை, மாமன்றம் இல்லை. தனி அதிகாரிகளின் ஆட்சி. அந்தக் காலத்திலேதான், 2017 ஜூனில், திருநெல்வேலி ஸ்மார்ட் சிட்டித் திட்டத்துக்குத் தேர்வாயிற்று. திட்டத்தை நடத்தவென்று கம்பெனிச் சட்டத்தின் கீழ்த் தனி நிறுவனம் ஒன்று அமைந்தது. பேருந்து நிலையம், சந்தை, சாலை, பூங்கா என்று பல தீர்மானங்கள், மக்கள் தேர்ந்தெடுத்த ஓர் உறுப்பினர்கூட அவையில் இல்லாத நாட்களில் எடுக்கப்பட்டன. நாடு முழுவதுக்குமான அத்திட்டக் காலமும் 2025 மார்ச் 31-இல் முடிந்துவிட்டது. கட்டியவை நல்லவையா அல்லவா என்ற விவாதத்தை விட்டுவிடுவோம். ஊரின் பிரதிநிதிகள் இல்லாத அந்த ஆண்டுகளில், ஊரின் கற்றவர் கூட்டமாவது அந்த வெற்றிடத்தில் நின்று கேள்வி கேட்டிருக்க வேண்டாமா? அதே ஆண்டுகளில் ஜூலை தோறும் பதவியேற்பு விழாக்கள் குறைவின்றி நடந்தன.

ஒரு முரணை இங்கே சுட்ட வேண்டும். நெல்லையிலிருந்து சங்கரன்கோவில் போகும் சாலையில் மானூர் இருக்கிறது. அங்குள்ள சிவன் கோயிலில் பாண்டியன் மாறஞ்சடையன் காலக் கல்வெட்டு ஒன்று உண்டு. காலம் ஏறக்குறைய பொ.ஆ. 800. உத்திரமேரூருக்கு நூறாண்டுக்கு மேல் மூத்தது. ஊர்ச்சபையில் யார் உட்காரலாம், என்ன தகுதி வேண்டும் என்று விதி செய்கிறது அக்கல்வெட்டு. நிலமும் வேதக் கல்வியும் உடையோரின் சபை அது. மற்றவர்க்கு அங்கே இடமில்லை. அதைப் பொற்காலம் என்று கொண்டாடும் எண்ணம் எங்களுக்கு இல்லை. எங்களை நிறுத்தி வைப்பது அதிலுள்ள வேறொரு விதி. சபையில் வரும் ஒவ்வொன்றுக்கும் ‘அன்று’ என்று மறுத்துக் காரியத்தைக் கெடுப்பவர்க்கு ஐந்து காசு தண்டம். மறுப்புச் சொல்வோர் மிகுந்து, அதை அடக்கத் தண்டம் விதிக்க வேண்டியிருந்த மண் இது. இன்று நம் நகரத்துக் கனவான்களின் கூட்டங்களில் ஒரு திட்டத்துக்கு ஒரே ஒரு ‘அன்று’ கேட்கவும் வழியில்லை. ஐந்து காசைப் பரிசாக அறிவித்தாலும் வாங்க ஆள் வருமா என்பது ஐயமே.

சங்கத்தார் இதற்குச் சொல்லும் விடைகளை நாங்கள் அறிவோம். முதல் விடை: நாங்கள் அரசியல் சார்பற்றவர்கள். கட்சி அரசியலில் இறங்கக் கூடாது என்பது அவர்களது நெறி. அது சரியான நெறியும்கூட. ஆனால் சாக்கடைக் குழாய்க்குக் கட்சி கிடையாது. ரோட்டரியின் சொந்த வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். 1905-இல் சிகாகோவில் பால் ஹாரிஸ் தொடங்கிய அச்சங்கம், 1907-இல் கையில் எடுத்த முதல் பொதுப்பணி எது? நகரத்தில் பொதுக் கழிப்பிடம் வேண்டும் என்ற கோரிக்கை. சங்கம் தன் பணத்தில் ஒரு கழிப்பிடம் கட்டிப் பெயர்ப்பலகை மாட்டி முடித்துக்கொள்ளவில்லை. மற்ற அமைப்புகளைச் சேர்த்துக்கொண்டு நகர நிர்வாகத்தை நெருக்கியது. தங்கள் கடைகளிலேயே அவ்வசதி இருக்கிறதென்று மதுக்கடைக்காரர்களும் பெரிய அங்காடிக்காரர்களும் எதிர்த்தார்கள். எதிர்ப்பைத் தாங்கி நின்றுதான் காரியத்தைச் சாதித்தார்கள். ஆக, நகர மன்றத்தின் கதவைத் தட்டுவது சேவைச் சங்கத்தின் பிறவிக்குணம். அரசியல் என்று பெயரிட்டு அதை விலக்குகிறவர்கள் தம் மூதாதையரையே விலக்குகிறார்கள்.

போலியோ ஒழிப்பும் இதையே சொல்கிறது. 1985-இல் ரோட்டரி அப்பணியை உலக அளவில் ஏற்றது. 2011 ஜனவரியோடு இந்தியாவில் அந்நோயின் இயற்கைப் பரவல் நின்றது. 2014 மார்ச்சில் உலகச் சுகாதார நிறுவனம் நம் வட்டாரத்துக்குச் சான்று அளித்தது. ஒரு நாள் முகாமும் ஒரு புகைப்படமும் இதைச் செய்யவில்லை. அரசு இயந்திரத்தோடு ஒட்டி நின்று, விடுபட்ட தெரு எது, விடுபட்ட குழந்தை யார் என்று கால் நூற்றாண்டுக்கும் மேலாகக் கணக்குக் கேட்டுக்கொண்டே இருந்ததன் பலன் அது. குழந்தைக்குக் கேட்ட கணக்கைக் குளத்துக்கும் கேட்கலாம்.

இரண்டாம் விடை: சிறு உதவியும் உதவிதானே. உதவிதான். ஆனால் திட்டத்துக்கு வெளியே வந்து விழும் நன்கொடைக்கு ஒரு கேடு உண்டு. ஒரு சங்கம் பேருந்து நிழற்குடை கட்டித் தருகிறது. அல்லது சுத்திகரித்த குடிநீர்த் தொட்டி வைக்கிறது. திறப்பு விழா முடிகிறது. அதைத் துடைக்க, பழுது பார்க்க, வடிகட்டி மாற்ற ஆகும் செலவு யாருடையது? மாநகராட்சியின் வரவு செலவுத் திட்டத்தில் அதற்கு ஒரு தலைப்பு ஒதுக்காவிட்டால் அது அனாதைச் சொத்து. சங்கத்திலும் ஆண்டுக்கொரு தலைவர்; போன தலைவரின் தொட்டியை இந்தத் தலைவர் ஏன் துடைக்க வேண்டும்? சில ஆண்டுகளில் குழாய் துருவேறும், பெயர்ப்பலகை மட்டும் நிற்கும். இடையில் மாமன்றத்துக்கோ ஒரு சாக்குக் கிடைத்துவிடுகிறது: அந்தத் தெருவுக்குத்தான் தொட்டி வந்துவிட்டதே. கடமையாக வந்திருக்க வேண்டியது கொடையாக வருகிறது. கொடை கெட்டுப்போனபின் கேட்க ஆளில்லை. உரிமை கேட்டவனாக நிற்க வேண்டிய குடிமகன், கைநீட்டிப் பெற்றவனாக நிற்கிறான்.

மூன்றாம் விடையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை; நாங்கள் சொல்லிவிடுகிறோம். விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக அழைக்கப்படுகிறவர்கள் பெரும்பாலும் அதிகாரத்தில் இருப்பவர்கள். பொன்னாடை போர்த்தியவரிடம் மறுநாள் போய், எங்கள் கால்வாயை ஏன் ஐயா இப்படி விட்டீர்கள் என்று கேட்க நா எழாது. அன்றியும், உறுப்பினர் சிலரின் தொழில் நிலத்தோடும் கட்டடத்தோடும் பிணைந்தது. அது குற்றமன்று, ஊருக்கு வீடு கட்ட ஆள் வேண்டும். ஆனால் விளைநிலம் குடியிருப்புப் பகுதியாக வகை மாறும்போது ஆதாயம் அடைகிறவரும், அதன் விளைவாக நீர்வழி அடைபட்டு வெள்ளம் வந்தபின் அரிசிப்பை கொடுக்கிறவரும் ஒரே மேடையில் இருக்கும்போது, அந்த அரிசிப்பையின் பொருளே மாறிவிடுகிறது. இதை ஒரு சங்கம் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளாதவரை அதன் சேவை பாதிச் சேவைதான்.

கொடை என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கும் நாம் வெளியூர் போக வேண்டியதில்லை. நெல்லைக்கும் பாளைக்கும் இடையே பாலமில்லாத காலத்தில் மக்கள் படகில் ஆற்றைக் கடந்தார்கள். பாலம் வேண்டும் என்று அன்றைய நிர்வாகம் முடிவு செய்து, கேப்டன் பேபர் வரைபடம் தயாரித்தார். இலண்டன் வாட்டர்லூ பாலத்தின் சாயலில் அமைந்த வரைபடம் என்பார்கள். பணத்துக்கு வழி தேடியபோது, ஆட்சியர் அலுவலகத்தில் சிரஸ்தேதாராக இருந்த சுலோசன முதலியார் ஏறக்குறைய 50 ஆயிரம் ரூபாயைத் தம் சொந்தப் பொறுப்பில் ஏற்றார். 1843-இல் பாலம் திறக்கப்பட்டது. 1869 வெள்ளத்தில் ஒரு பகுதி உடைந்து, செப்பனிடப்பட்டு, இன்றும் வண்டிகளைச் சுமக்கிறது. அவர் தமக்கு விருப்பமான, தம் கைக்கு அடக்கமான ஒன்றைக் கொடுத்துவிட்டு ஒதுங்கவில்லை. ஊருக்கு என்ன வேண்டும் என்று தீர்மானமாயிற்றோ, வல்லுநர் என்ன வரைந்தாரோ, அதற்குக் கொடுத்தார். திட்டத்துக்குள் நின்ற கொடை அது. ஆகவே நிலைத்தது.

சரி, என்ன செய்ய வேண்டும் என்கிறீர்கள்? விமரிசனம் மட்டும் செய்துவிட்டு நழுவுவது எங்கள் நோக்கமன்று.

முதலாவது, வாசியுங்கள். 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி, மாஸ்டர் பிளான் என்று வழங்கும் முழுமைத் திட்டத்தின் வரைவை வெளியிட்டு, பொதுமக்களின் ஆட்சேபங்களுக்கு இரண்டு மாதங்களுக்குக் குறையாத அவகாசம் தர வேண்டும். அந்த இரண்டு மாதங்கள்தான் ஒரு நகரத்தின் அடுத்த இருபது ஆண்டுகளின் வாசல். நிலவகை மாற்றத்தால் பயன் பெற இருப்போர் அந்த வரைவை வரி விடாமல் படிக்கிறார்கள். மற்றவர்க்கு அப்படி ஒன்று வெளியானதே தெரிவதில்லை. ஒவ்வொரு சங்கமும் ஒரு மண்டலத்தை எடுத்துக்கொண்டு, சர்வே எண்களைக் களத்தில் நடந்து சரிபார்த்து, எந்தக் குளம் விடுபட்டது, எந்த ஓடை சாலையாகக் காட்டப்பட்டது என்று கையெழுத்திட்டு ஆட்சேபம் கொடுக்கலாம். ஒரு பொறியாளருக்கும் ஒரு வழக்கறிஞருக்கும் இது நான்கு ஞாயிற்றுக்கிழமை வேலை.

இரண்டாவது, தமிழில் கொண்டு வாருங்கள். இத்தகைய ஆவணங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், அலுவலக மொழியில் இருக்கின்றன. மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் பெண்ணுக்கும், தச்சநல்லூர் உழவருக்கும் தங்கள் தெருவின் எதிர்காலம் எழுதப்பட்ட ஏட்டைப் படிக்க வழியில்லை. தையல் இயந்திரத்துக்குச் செலவிடும் தொகையில் ஒரு பகுதியைக் கொண்டு அதைத் தமிழாக்கி அச்சிட்டுத் தெருவுக்குத் தெரு கொடுக்கலாம். இதில் இலக்கிய அன்பர்களுக்கும் வேலை உண்டு. ரசிகமணி டி.கே.சி.யின் வட்டத்தொட்டி கூடிய வண்ணார்பேட்டைக்காரர்கள் நாம்; ஒரு சொல்லுக்குப் பொருள் தேடி மாலை முழுவதும் உட்கார்ந்திருக்கத் தெரிந்தவர்கள். வரைவுத் திட்டமும் ஒரு பிரதிதான். அதில் ‘நீர்நிலை’ என்ற சொல் எங்கே இருக்கிறது, எங்கே விடுபட்டது என்று பார்ப்பதும் வாசிப்புதான்.

மூன்றாவது, போங்கள். வார்டு குழுக்களுக்கும் பகுதி சபைகளுக்குமான விதிகள் தமிழ்நாட்டில் 2022-இல் வந்தன. அவ்வாண்டு நவம்பர் 1 அன்று, உள்ளாட்சி தினத்தில், பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. அவை ஒழுங்காகக் கூட்டப்படுகின்றனவா என்று கேட்பதே ஒரு சேவை. கூட்டினால் போய் உட்கார்வது இன்னொரு சேவை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இலிருந்து இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில் தர வேண்டும். சாக்கடை எத்தனை இடங்களில் ஆற்றில் கலக்கிறது, எதை எப்போது அடைப்பீர்கள் என்று ஆண்டுதோறும் ஜூலை முதல் தேதியில் ஒரு மனு. பதவியேற்பு விழாவின் முதல் நிகழ்ச்சியாக அதையே வைத்துக்கொள்ளலாம்.

நான்காவது, கொடுக்கும் முன் கேளுங்கள். பராமரிப்பு யாருடையது, எந்தத் தலைப்பில், எத்தனை ஆண்டுக்கு என்று எழுத்தில் வாங்காமல் எந்தப் பொருளையும் மாநகராட்சிக்குக் கொடுக்காதீர்கள்.

இவையெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்போர்க்கு ஒரு செய்தி. எழுத்தாளர் முத்தாலங்குறிச்சி காமராசு 2018-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஒரு பொதுநல வழக்குப் போட்டார். தாமிரபரணிக் கரையின் மண்டபங்களையும் படித்துறைகளையும் சீரமைக்க வேண்டும், ஆற்றில் கழிவுநீர் கலப்பதைத் தடுக்க வேண்டும் என்பது வேண்டுகோள். அதே 2018 அக்டோபரில்தான் புஷ்கரம் என்று இலட்சக்கணக்கானோர் இந்த ஆற்றில் முழுக்குப் போட்டார்கள். முழுக்கு முடிந்து கூட்டம் கலைந்தது, வழக்கு நின்றது. அதன் தொடர்ச்சியாக 2024 நவம்பரில் நீதிபதிகள் இருவர் நெல்லைக்கு நேரில் வந்து, கழிவுநீர் கலக்கும் இடங்களைக் கண்ணால் பார்த்தார்கள். ஓர் எழுத்தாளரின் ஒரு மனு நீதிமன்றத்தையே ஆற்றங்கரைக்கு வரவழைத்தது. இத்தனை சங்கங்கள், இத்தனை வல்லுநர்கள், இத்தனை கூட்டங்கள் சேர்ந்தால் எதைத்தான் வரவழைக்க முடியாது?

வளர்ச்சி என்ற சொல்லை நாங்கள் வெறுக்கவில்லை. ஊர் வளரத்தான் செய்யும். ஆனால் புதுமைப்பித்தன் ‘பொன்னகரம்’ என்று தலைப்பிட்டு எந்த ஏளனத்தை அதற்குள் வைத்தாரோ, அந்த ஏளனத்துக்கு அவருடைய சொந்த ஊரே இலக்காகிவிடக் கூடாது. தையல் இயந்திரம் கொடுப்பவர்கள் தொடர்ந்து கொடுக்கட்டும். ஆனால் அந்த இயந்திரத்தை வாங்கிப் போகும் பெண்ணின் வீடு அடுத்த வெள்ளத்தில் மூழ்குமா மூழ்காதா என்பது நகர வரைபடத்தில் முடிவாகிறது. வரைபடத்தை விரித்துப் பார்க்காதவர்கள் அவளுக்குச் செய்தது உதவிதான். அதைச் சேவை என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.